பட்டம் கட்டுவார்கள், பிறகு கையைக் கட்டுவார்கள்!

தலையங்கம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நெல் விலை, கரும்புப் பாக்கி, யூரியா தட்டுப்பாடு, கூட்டுறவுக் கடன் என்று எழுதுவோம். இந்தத் தடவை வார்த்தைகளைப் பற்றி எழுதுகிறோம். "வார்த்தையில என்னய்யா இருக்கு? வயித்துக்கு வழியச் சொல்லு" என்று சிலர் கேட்கலாம். வயிற்றுக்கு வழி செய்யும் நிலத்தையே வார்த்தையால் பிடுங்க முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறோம்.

கூட்டத்தில் நடந்தது என்ன?

நம் ஊர்களில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு உங்களுக்குத் தெரியும். அது பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று போன மாதம் ஒரு கூட்டம் போட்டார்கள். சங்கத்தின் சார்பில் நாம் நாற்பது பேர் போனோம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். "வந்ததுக்கு ஒரு கையெழுத்து போடுங்க, அவ்வளவுதான்" என்றார்கள். போட்டோம். கையெழுத்து தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைத்தார்கள்.

நம்மில் மூத்தவர், எழுபத்து நாலு வயதுப் பெரியவர், எழுந்து கேட்டார்: "சார், என் கிணத்து மேட்டுல சிவப்பு பெயிண்ட் அடிச்சு ஒரு கல்லு நட்டிருக்கு. யாரு நட்டது? யாரக் கேட்டு நட்டது?" கேள்வி அவ்வளவுதான். மேடையில் இருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "பெரியவரே, உங்களை யாரோ தூண்டி விடறாங்க. நீங்க அப்பாவி" என்றார். பெரியவர் விடவில்லை. "என்னைத் தூண்டி விட்டது என் கிணறுதான் சார். வேற யாரும் இல்ல" என்றார். கூட்டம் கை தட்டியது. நாமும் சிரித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், "வளர்ச்சித் திட்டத்துக்குச் சிலர் இடையூறு" என்று செய்தி. ஒரு வாரம் கழித்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கிப் பார்த்தோம். அதில், "கலந்துகொண்ட விவசாயிகள் ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை. வெளிநபர்களின் தூண்டுதலால் ஒரு சிலர் கூச்சலிட்டனர்" என்று இருந்தது. அடியில் நாம் போட்ட நாற்பது கையெழுத்தும் இணைப்பு!

கிணற்றுக்காரர் முதலில் "அப்பாவி" ஆனார். மறுநாள் "இடையூறு" ஆனார். ஏழாம் நாள் "கூச்சலிட்ட ஒரு சிலர்" ஆனார். அவர் கேட்ட கேள்வி மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை. யாரும் நம்மை அடிக்கவில்லை, ஜெயிலில் போடவில்லை. வார்த்தையை மாற்றினார்கள். அதோடு நம் வாய் இருந்தும் இல்லாமல் போய்விட்டது.

இது ஒரு அதிகாரியின் குணக்கேடு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. விதைப்பதற்கு முன்னால் உழவு ஓட்டுகிறோம் அல்லவா? அதுபோல எந்த அரசும் மக்களின் உரிமையைப் பறிப்பதற்கு முன்னால் ஒரு சொல்லை ஊருக்குள் ஓட்டும். மண் பொலபொலவென்று ஆன பிறகுதான் சட்டம் வரும், லத்தி வரும். இதற்குக் கட்சி பேதம் கிடையாது, தேச பேதமும் கிடையாது. நடந்த கதைகளைப் பாருங்கள்.

1975: "ஒழுங்கு" என்ற சொல்

"மிசா காலம்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1975 ஜூன் 12-ஆம் தேதி, பிரதமர் இந்திரா காந்தி ஜெயித்த தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதவிக்கு ஆபத்து. பதின்மூன்றாம் நாள், ஜூன் 25 இரவு, நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். "என் பதவிக்கு ஆபத்து" என்று காரணம் எழுத முடியுமா? முடியாது. அரசியல் சட்டத்தில் அதற்குத் தோதாக ஒரு சொல் கிடந்தது: "உள்நாட்டுக் குழப்பம்". அந்தச் சொல்லை எடுத்து வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்று இரவே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கரண்ட்டை நிறுத்தினார்கள். தலைவர்களைத் தூக்கத்தில் எழுப்பி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாகிய மிசாவிலும், இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் பிடித்து அடைக்கப்பட்டவர்கள் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல். இது பின்னால் விசாரித்த ஷா கமிஷன் கொடுத்த கணக்கு. 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஆட்சியில் இருந்த தி.மு.க. அரசையும் கலைத்தார்கள்.

அந்த நாட்களில் சுவரெங்கும் எழுதியது என்ன தெரியுமா? "பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு". கேட்கும்போது நல்ல வாக்கியம்தான். நம் அப்பன் பாட்டன் சொல்வது மாதிரியே இருக்கிறது. ஆனால் அப்பன் மகனிடம் சொன்னால் அது புத்திமதி. போலீசைக் கையில் வைத்திருக்கும் அரசு குடிமக்களிடம் சொன்னால் அது மிரட்டல். "ஒழுங்கு" என்றார்கள். ரயில் நேரத்துக்கு வருகிறது என்றார்கள். ரயில் நேரத்துக்கு வந்தது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காகக் கேள்வி கேட்டவனை ஏன் ஜெயிலில் போட வேண்டும்?

"குடும்ப நலம்" என்று இன்னொரு சொல். 1976-77 ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. ஹரியானாவில் உத்தாவர் என்ற கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸ் சுற்றி வளைத்து, ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தது. அதற்கும் பெயர் நலம்தான்!

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. வடமாநிலத்துக் கிராமத்து ஜனங்கள், எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள். பிரதமரே அவருடைய தொகுதியில் தோற்றார். தமிழ்நாட்டில் அப்போது முடிவு வேறு மாதிரி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணிதான் ஜெயித்தது.

அதற்குப் பிறகு வந்த அரசு 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தது. அதில் "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல்லை நெருக்கடி நிலைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டு, "ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி" என்று மாற்றினார்கள். ஏன்? குழப்பம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நாம் சாலையில் உட்கார்ந்தால் அதுவும் குழப்பம்தான். ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி என்றால் ஆயுதத்தைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தொளதொளத்த சொல்லால் ஒரு தேசம் இருபத்தோரு மாதம் வாயடைத்துக் கிடந்தது. அந்தச் சொல்லை இறுக்கிக் கட்டத்தான் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

"குலாக்": விவசாயிகளைத் தின்ற சொல்

இது நமக்கு நெருக்கமான கதை. விவசாயியின் கதை. சோவியத் ரஷ்யாவில் நடந்தது.

ரஷ்ய மொழியில் "குலாக்" என்றால் மூடிய கை, முஷ்டி. வட்டிக்கு விட்டு, தானியத்தைப் பதுக்கி, ஏழைகளைக் கசக்கும் கிராமத்துப் பண்ணையாரைத்தான் முதலில் ஜனங்கள் அப்படிச் சொன்னார்கள். 1929 டிசம்பரில் ஸ்டாலின், குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழிக்கப் போகிறோம் என்று அறிவித்தார். நிலத்தையெல்லாம் கூட்டுப் பண்ணையில் சேர்க்க வேண்டும். சேர மறுப்பவர்களை என்ன செய்வது? பெயர் தயாராக இருந்தது.

குலாக் யார்? அளவு கிடையாது. ஒரு கூலியாள் வைத்திருந்தவன் குலாக். பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு மாடு அதிகம் வைத்திருந்தவனும் குலாக் ஆனான். ஒன்றுமே இல்லாத ஏழை, "எனக்குக் கூட்டுப் பண்ணை வேண்டாம்" என்று சொன்னால்? அவனுக்கும் ஒரு பெயர் கண்டுபிடித்தார்கள்: "குலாக்கின் கையாள்". பகுதிக்கு இத்தனை குலாக் பிடிக்க வேண்டும் என்று மேலிருந்து கணக்கு வந்தது. கணக்கு வந்தால் ஆள் காட்ட வேண்டுமே! ஊருக்குள் பழைய பகை, வரப்புச் சண்டை, கல்யாணத் தகராறு எல்லாம் அந்தப் பட்டியலில் போய் விழுந்தது.

1930, 31 இரண்டே வருடங்களில் சுமார் 18 லட்சம் பேரைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிக் குளிர்ப் பிரதேசங்களுக்கு அனுப்பினார்கள். 1932 ஆகஸ்ட் 7-இல் ஒரு சட்டம் வந்தது. கூட்டுப் பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, இல்லாவிட்டால் பத்து வருடம் ஜெயில். அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர்கள்கூட அதில் மாட்டினார்கள். நம் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் உதிரி நெல்லைப் பொறுக்கினால் யாராவது கேட்போமா? அங்கே அதற்குப் பெயர் "மக்கள் சொத்தைத் திருடிய மக்கள் விரோதி"!

அடுத்து வந்தது 1932-33 பஞ்சம். உக்ரைனில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். தானியம் விளைகிற கருப்பு மண் பூமியில், தானியம் விளைவித்தவர்கள் பட்டினியால் செத்தார்கள். விதை நெல்லுக்கு ஒதுக்கியதைக்கூட "பதுக்கல்" என்று சொல்லித் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஏழைகள் பேரைச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது. அதனால்தான் சொல்கிறோம், சொல்கிறவன் நம்மாள் மாதிரி இருக்கிறான் என்று ஏமாறக் கூடாது. "குலாக்" என்று பக்கத்து வீட்டுக்காரனைச் சொன்னபோது வேடிக்கை பார்த்தவன், அடுத்த மாதம் "கையாள்" ஆனான்.

டெல்லி எல்லையில் கேட்ட வசவுகள்

இனி நம் கண்முன்னே நடந்தது. 2020 ஜூனில், கொரோனாவில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மத்திய அரசு மூன்று வேளாண் அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தது. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் ஓட்டெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டார்கள். எண்ணிப் பார்க்காமல் குரல் வாக்கெடுப்பிலேயே இரண்டு மசோதாக்களை நிறைவேற்றினார்கள். மறுநாள் எட்டு எம்.பி.க்களை இடைநீக்கம் செய்தார்கள்.

ஒப்பந்தச் சாகுபடிச் சட்டத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். விவசாயிகளுக்கு "அதிகாரமளித்தல்", "பாதுகாப்பு", "விலை உறுதி" என்று மூன்று இனிப்பும் தலைப்பிலேயே இருந்தன. உள்ளே போய்ப் படித்தால், கம்பெனியோடு தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, கோட்ட அளவிலான அதிகாரியிடம்தான் போக வேண்டும் என்று இருந்தது. கோர்ட் வாசலைச் சாத்திவிட்டு வாசல்படியில் "பாதுகாப்பு" என்று கோலம் போட்ட கதை.

2020 நவம்பர் 26 முதல் பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேச விவசாயிகள் டிராக்டரோடு வந்து டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். சிங்கு, திக்ரி, காஜிப்பூர். நடுக்கும் குளிர். அவர்களுக்கு என்னென்ன பட்டம்! "காலிஸ்தானி", "மாவோயிஸ்ட்", "தரகர்களின் ஆள்", "நாட்டைத் துண்டாடும் கும்பல்". தலைப்பாகை கட்டியவன் ஒருவன், செங்கொடி பிடித்தவன் ஒருவன், டிராக்டர் வைத்திருந்தவன் ஒருவன். ஆளுக்கு ஒரு பட்டம் தைத்து வைத்திருந்தார்கள். எல்லைப் பாதையில் ஆணியும் கான்கிரீட்டும் நட்டார்கள். சொந்த நாட்டு விவசாயியை எதிரி நாட்டுப் படை மாதிரி பேசியதால்தான், சொந்த நாட்டு ரோட்டில் ஆணி அடிக்க மனசு வந்தது.

2021 பிப்ரவரி 8-ஆம் தேதி பிரதமர் மாநிலங்களவையில் ஒரு புதுச் சொல்லைச் சொன்னார்: "ஆந்தோலன்ஜீவி". போராட்டத்தை வைத்துப் பிழைப்பவன் என்று அர்த்தம். அவர்கள் ஒட்டுண்ணிகள் என்றும் சொன்னார். இரண்டு நாள் கழித்து மக்களவையில், விவசாயிகள் போராட்டம் புனிதமானது, ஆந்தோலன்ஜீவிகள்தான் அதைக் கெடுக்கிறார்கள் என்று பிரித்தும் சொன்னார்.

இந்தப் பிரிப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. "நீ நல்லவன், உன் பக்கத்தில் நிற்கிறவன்தான் கெட்டவன்." நம் கிணற்றுக்காரப் பெரியவருக்குச் சொன்னதும் இதுதானே? பாராட்டுவது மாதிரி கூட்டத்தைப் பிரிப்பார்கள். பிரிந்த பிறகு நல்லவனையும் யாரும் சீண்ட மாட்டார்கள்.

இன்னொன்று. ஒட்டுண்ணி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாமரத்தில் புல்லுருவி வந்தால் கிளையோடு வெட்டுவோம். மாட்டில் உண்ணி வந்தால் பிடுங்கிக் கொல்வோம். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. மனிதனை ஒட்டுண்ணி என்று சொல்லும்போது, அவனுக்கு என்ன நடந்தாலும் வருத்தப்பட வேண்டாம் என்று கேட்பவர் மனதைத் தயார் செய்கிறார்கள். அந்தச் சொல்லின் வேலையே அதுதான்.

பஞ்சாப் விவசாயிகள் அசரவில்லை. "ஆமாம், போராடித்தான் பிழைக்கிறோம்" என்று அதே வார்த்தையை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டோர் அந்தப் போராட்டத்தில் உயிர் விட்டதாகச் சம்யுக்த கிசான் மோர்ச்சா சொன்னது. 2021 நவம்பர் 19 அன்று பிரதமர் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நவம்பர் 29-இல் பாராளுமன்றத்தில் ரத்து மசோதா நிறைவேறியது. அதையும் விவாதம் இல்லாமல்தான் நிறைவேற்றினார்கள்! பேச்சைக் கண்டால் அவ்வளவு பயம்.

செய்யாறு: விவசாயி எப்படிக் குண்டர் ஆனார்?

டெல்லியைத் திட்டினால் நம் ஊரில் கை தட்டுவார்கள். சென்னையைப் பற்றியும் பேச வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கத்தில் மேல்மா மற்றும் சுற்றியுள்ள கிராமங்களில் சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்க முடிவு செய்தார்கள். 2023-இல் அந்த ஊர் விவசாயிகள் நாலு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். நவம்பரில் கைது செய்தார்கள். அதில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது.

1982-இல் அந்தச் சட்டம் வந்தபோது என்ன சொன்னார்கள்? கள்ளச்சாராயம் காய்ச்சுபவன், போதைப்பொருள் விற்பவன், கத்தி காட்டும் ரவுடி, இவர்களுக்காகத்தான் என்றார்கள். நாமும் "நல்லது" என்றோம். அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். வருடம் போகப் போகப் பட்டியல் நீண்டது. கடைசியில் ஏர் பிடித்தவனும் அந்தச் சொல்லுக்குள் வந்து சேர்ந்தான். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனுஷனைக் கடித்த கதை!

மாநிலமெங்கும் கண்டனம் வந்தது. ஒரு சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான குண்டர் சட்டத்தை ரத்து செய்ய முதலமைச்சர் உத்தரவிட்டார். வரவேற்கிறோம். ஆனால் ஏழாவது ஆளுக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. அவர் வெளியூர்க்காரர். மறுபடியும் அதே பிரிப்பு: உள்ளூர்க்காரன் அப்பாவி, வெளியூர்க்காரன் தூண்டுகிறவன். ஒரு விவசாயிக்காக இன்னொரு ஊர் விவசாயி வந்து பேசினால் அவன் "வெளியாள்". வெளிநாட்டிலிருந்து வந்து நம் நிலத்தைக் கேட்கும் கம்பெனிக்கு மட்டும் "முதலீட்டாளர்" என்று மரியாதை!

இனிக்கிற சொற்கள்

வசைச் சொல்லாவது சுடும், உடனே தெரியும். இனிக்கிற சொல்தான் ஆபத்து.

"பொதுநோக்கம்". 1894-இல் வெள்ளைக்காரன் போட்ட நிலம் எடுப்புச் சட்டத்தில் வந்த சொல். பொது என்றால் நாமும் சேர்த்திதானே? நம்மை வெளியே தள்ளிவிட்டு எஞ்சி நிற்பவர்களுக்கு எப்படிப் பொது என்று பெயர் வந்தது? நூற்றுப் பத்தொன்பது வருடம் கழித்து 2013-இல் புதுச் சட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்கு எடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும், சமூகத் தாக்கம் பார்க்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் மாநிலத்தின் பழைய சட்டங்களையே வைத்துக்கொண்டார்கள். உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. உடனே இன்னொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு ஒரு கட்சி ஆட்சி, இன்றைக்கு ஒரு கட்சி ஆட்சி. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"தரிசு". இதுவும் ஒரு சூழ்ச்சிச் சொல். நம் மேட்டு நிலம் மழை பெய்தால் கடலையும் சாமையும் கொடுக்கும். பெய்யாவிட்டால் ஆடு மாடு மேயும். இதைத் தரிசு என்று ஒரு பேனா எழுதினால், அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆள் எப்படி இருப்பான்? ஆகவே அங்கே இருக்கிற நம்மைப் பார்த்து "ஆக்கிரமிப்பாளர்" என்கிறார்கள்.

"வளர்ச்சி". நாம் வளர்ச்சிக்கு விரோதிகள் அல்ல. நம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். யாருக்கு வளர்ச்சி, எத்தனை பேருக்கு வேலை, நம் தண்ணீர் எவ்வளவு போகும் என்றுதான் கேட்கிறோம். கேட்டதும் "வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்கள். பதில் இல்லாதவன்தான் பட்டம் கட்டுவான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வாயையும் கொஞ்சம் பார்ப்போம்

ஊரைச் சொல்லும் முன் நம்மைச் சொல்ல வேண்டும். இது கசக்கும். ஆனாலும் எழுதுகிறோம்.

"நூறு நாள் வேலை வந்ததும் கூலிக்காரன் சோம்பேறி ஆயிட்டான்" என்று நம்மில் எத்தனை பேர் களத்து மேட்டில் பேசுகிறோம்? வெயிலில் நாற்று நட்டவள் சோம்பேறியா? கூலி கட்டாததால் அவள் வேறு வேலைக்குப் போனாள். நமக்கு விலை கட்டாததால் நாம் போராடுகிறோம். இரண்டும் ஒன்றுதான். "வடக்கன்" என்று சொல்லி, பீகாரிலிருந்து வந்து நம் வயலில் நடவு செய்யும் பையனை மனுஷக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறோமே, அவன் அப்பனும் அங்கே ஒரு குறு விவசாயிதானே? நாம் அடுத்தவனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, நமக்குக் கட்டும்போது மட்டும் ஐயோ என்றால் யார் கேட்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. போன வருடம் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் நிலம் கொடுக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார். செயற்குழுக் கூட்டத்தில் "துரோகி" என்று சத்தம் கிளம்பியது. நாமும் அதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாமே முதலில் சொன்னோம். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன்பிறகு வரவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, மனைவிக்கு ஆபரேஷன், தனியாரிடம் வட்டிக் கடன், கடன்காரன் வாசலில். "ஏம்ப்பா கையெழுத்து போட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சங்க நிதியிலிருந்து ஏதாவது செய்திருக்கலாம். "துரோகி" என்று சொன்னதும் கேள்வி கேட்கும் வேலை முடிந்துவிட்டது. அவருடன் சேர்த்து அவர் பங்காளிகள் ஆறு குடும்பமும் போனது. அதிகாரி நமக்குச் செய்ததைத்தான் நாம் அவருக்குச் செய்தோம். இந்தத் தலையங்கம் வழியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அவருக்கு உரிய இடம் சங்கத்தில் அப்படியே இருக்கிறது.

ஜனநாயகம் ஓட்டுப் பெட்டியில் மட்டும் இல்லை. நமக்குப் பிடிக்காததைச் சொல்கிறவன் பேசி முடிக்கும்வரை காது கொடுப்பதில் இருக்கிறது. அதைச் சங்கக் கூட்டத்தில் செய்யத் தெரியாதவர்கள் சட்டசபையில் எதிர்பார்க்க முடியாது.

இனி நாம் செய்ய வேண்டியது

ஒன்று: எந்தக் கூட்டத்திலும் "வந்ததற்கு" என்று கையெழுத்துக் கேட்டால், பெயருக்குப் பக்கத்திலேயே "ஆட்சேபணை உண்டு" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைக்கும் தாய்மார்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். எழுதாத காகிதத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இரண்டு: கிராம சபையில் தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நாம் சொன்ன வார்த்தை, சொன்ன மாதிரியே நோட்டில் ஏற வேண்டும்.

மூன்று: பெரிய சொல் வந்தால் சின்னக் கேள்வி கேளுங்கள். "பொதுநோக்கம்" என்றால், எந்த சர்வே நம்பர்? எத்தனை ஏக்கர்? எந்தக் கம்பெனி? "சிலர்" என்றால், யார் யார்? "தூண்டுதல்" என்றால், தூண்டியவர் பெயர் என்ன? வாயில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்தான். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனு எழுத சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

நான்கு: நம்மில் ஒருவருக்குப் பட்டம் கட்டினால் நாம் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். "அவர் வெளியாள் என்றால் நாங்களும் வெளியாள்தான்" என்று சொல்ல வேண்டும். பிரித்துக் காட்டும் பாராட்டை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஐந்து: நம் மேடையில் வசவு வேண்டாம். எந்த அதிகாரியையும், எந்தத் தலைவரையும், அவர் குடும்பத்தையும், சாதியையும் இழுத்துப் பேசுகிறவருக்கு இனி மைக் கிடையாது. செய்த காரியத்தைச் சொல்வோம், தேதியைச் சொல்வோம், கணக்கைச் சொல்வோம். அதுவே போதும், சுடும்.

வரும் திங்கட்கிழமை மனுநாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போகிறோம். கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கூட்டக் குறிப்பில் இருக்கும் "ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். கிணற்றுக்காரப் பெரியவர் கேட்ட கேள்வி அவர் வாயால் வந்த வார்த்தையிலேயே பதிவாக வேண்டும். அதற்குப் பதிலும் எழுத்தில் வேண்டும்.

"ஒரு வரிக்காகவா இத்தனை பேர் வண்டி கட்டிப் போறது?" என்று கேட்கலாம். 1970 ஜூன் 19-ஆம் தேதி பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய மூன்று விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். "கொஞ்சக் காசுக்காகவா" என்று அன்றும் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்த உயிர்கள் போட்ட பாதையில்தான் பின்னாளில் நமக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்த ஒரு வரி இன்று காகிதத்தில் நின்றுவிட்டால், நாளைக்கு நம் சம்மதமாக அதுவே கோர்ட்டில் வந்து நிற்கும். ஆகவே அந்த வரிக்காகத்தான் போகிறோம்.

காலை 9 மணிக்கு ஏரிக்கரை ஆலமரத்தடிக்கு வந்து சேருங்கள். குடும்பத்துக்கு ஒருவராவது வாருங்கள். பட்டா, அடங்கல் நகலைக் கொண்டு வாருங்கள். பேனாவும் கொண்டு வாருங்கள்.

நம் வார்த்தையை நாமே எழுதுவோம்!
பட்டம் கட்டிப் பிரிப்பதை முறியடிப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

போராட்ட வாழ்த்துகளுடன்,
செயலாளர்